ஹாஜியார் வீட்டு மூங்கில் டிரோன்

மர்ஜானாவிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் பள்ளிவாசல் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான் என்று புதுமடத்தில் ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததே இல்லை. "மைக்காவது கரண்டு போனா நின்னுரும்" என்று தானே சேர்த்துச் சொல்லிச் சிரிப்பாள். வாய்தான் அப்படி, தொழில் சுத்தம். சுற்றுவட்டாரத்தில் பெண்கள் பக்கத்துக் கல்யாணப் படம் எடுக்கிற ஒரே பொம்பளை அவள். ஆம்பிளை போட்டோகிராபரை வாசலோடு நிறுத்திவிடுவார்கள், மர்ஜானா அடுப்படி வரைக்கும் போவாள். குவைத்தில் டிரைவராக இருக்கும் புருஷன் சதக் வாங்கி அனுப்பிய கேமரா ஒன்று, நல்ல போன் ஒன்று, லைட்டு இரண்டு. பத்து வருஷத்தில் அவள் எடுத்த பெண்களின் முகம் ஒன்றுகூட வெளி ஆம்பிளை கண்ணில் பட்டதில்லை. பேச்சை அடக்கத் தெரியாதவள் படத்தை மட்டும் அடக்கி வைத்திருந்தாள்.

அவளைக் கூப்பிட்டு அப்துல் குத்தூஸ் ஹாஜியார் டிரோன் கேட்டார். மகள் மாஷிதாவுக்குக் கல்யாணம்.

"மதுரைச் சம்பந்தி அவுக வீட்டுல டிரோன் விட்டு எடுத்தாகளாம். நம்ம வீட்டுலயும் மேல இருந்து எடுக்கணும். பொம்பளைக பக்கம் மட்டும் அம்பது சஹன் வைக்கிறேன். கீழ நின்னு எடுத்தா முதுகுதான் தெரியும். மேல இருந்து பாத்தாத்தானே அது சபை?"

சஹன் என்பது பெரிய தட்டு. அதில் பிரியாணியைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஐம்பது சஹன் என்றால் இருநூறு பெண்கள். ஹாஜியாருக்கு அந்த இருநூறும் ஒரே படத்தில் வேண்டும்.

"டிரோனா? பக்கத்துல விமானத்தளம் இருக்கு மாமா. போன வருசம் வெளியூர்க்காரன் ஒருத்தன் கடக்கரையில விட்டான். டிரோன் எறங்குறதுக்கு முந்தி போலீசு எறங்கிருச்சு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒன்னால முடியுமா, முடியாதா?"

முடியாது என்ற சொல் மர்ஜானாவின் வாயில் வராது. வந்திருந்தால் அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள், நமக்கும் இந்தக் கதை இல்லை.

நேரே கடற்கரைக்குப் போனாள். சந்தியாகு தங்கச்சிமடத்துக்காரர். காற்று மாறும் மாதங்களில் தன் மீன்பிடி வத்தைப் படகைக் கொண்டுவந்து புதுமடம் கரையில் போட்டுத் தொழில் பார்ப்பார். அவர் மகள் ஹெலன் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு மர்ஜானா படம் எடுத்ததிலிருந்து பழக்கம்.

"சந்தியாகண்ணே, முப்பதடிக்கு ஒரு கம்பு வேணும்."

"எவனை அடிக்க?"

"அடிக்க இல்லண்ணே. போனை மேல ஏத்த."

சந்தியாகு வலையைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மணலில் கிடந்த மூங்கிலைக் காலால் தட்டினார். இன்ஜின் வைப்பதற்கு முன் வத்தையில் பாய் கட்டிய மூங்கில் அது. நல்ல முற்றல், நீளம் முப்பதடிக்குக் குறையாது.

பைக் ஹேண்டிலில் மாட்டுகிற மொபைல் ஹோல்டரை மூங்கில் நுனியில் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி, போனை மாட்டி, இருவருமாகத் தூக்கி நிறுத்தினார்கள். செல்பி ஸ்டிக்கோடு வரும் சின்ன பட்டனைக் கீழே நின்று அமுக்கினால் மேலே போன் படம் எடுக்கும். எடுத்தது. முதல் படத்தில் வானம். இரண்டாவதில் கடல், அதுவும் சாய்ந்து. மூன்றாவதில் ஒரு காக்காயின் பின்பாதி.

சந்தியாகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ இறுக்கிக் கட்டுனா மூங்கி சாயுற பக்கமெல்லாம் அதுவும் சாயத்தான் செய்யும். கட்டாத தங்கச்சி. தொங்க விடு. அடியில கனம் குடு. கம்பு எங்கன சாஞ்சாலும் அது நேரா கீழதான் பாக்கும்."

துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்து ஒரு கொக்கி. கொக்கியில் ஹோல்டர். ஹோல்டரின் நாலு மூலையிலும் வலையில் கோக்கிற ஈயக் குண்டு நாலு. போன் படுத்த வாக்கில் தொங்கியது, கண்ணைக் கீழே வைத்துக்கொண்டு. சந்தியாகு இடுப்பில் துண்டைச் சுற்றி, மூங்கிலின் அடியை அதில் குத்திக்கொண்டு நின்றார். இந்தத் தடவை படத்தில் மணல் இருந்தது, வத்தை இருந்தது, வத்தைக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு வட்டம் இருந்தது.

"இது என்ன, சொறி மீனா?"

"ஒங்க தலைண்ணே."

"நான் இம்புட்டு வழுக்கையா? யேசுவே! இருவது வருசமா என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லலையே!"

மேலே இருந்து பார்த்தால் ஆளுக்கு முகம் கிடையாது, உச்சந்தலை மட்டும்தான் என்பது மர்ஜானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. ஹாஜியார் வீட்டுப் பெண்கள் எல்லாரும் முக்காடு போட்டிருப்பார்கள். முகமே இல்லாத படம்! ஆம்பிளைகளும் பார்க்கலாம், ஹாஜியார் கூடத்தில் மாட்டலாம். ஹராம் என்று சொல்ல எந்த வாய்க்கும் வழியில்லை.

கல்யாணத்தன்று அவள் சந்தோஷத்தை அவள் தங்கச்சியே கெடுத்தாள்.

தங்கச்சி பேர் ருக்ஸானா. அந்தத் தெரு வழக்கப்படி பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கொடுத்துவிடுவார்கள், மாப்பிள்ளைதான் வந்து பெண் வீட்டில் இருப்பார். மர்ஜானாவுக்கு மேலத்தெருவில் வீடு. ருக்ஸானாவுக்கு, மவுத்தாகிப் போன உம்மாவின் மாடி வீடு. அது ஹாஜியார் வீட்டுக் கொல்லைக்குப் பின்புறம், மதிலை ஒட்டிய சந்தில் இருக்கிறது. ருக்ஸானாவின் புருஷன் தவ்ஃபீக்குச் சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் வேலை. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்துவிட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சை, மதுரையில் ஆஸ்பத்திரி, எதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ருக்ஸானா, மத்தியானம் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். ஓடி, வாந்தி எடுத்தாள்.

ஒரு வாந்தி பித்தம். இரண்டு வாந்தியும் பித்தம்தான், நல்ல மனசுக்காரர்களுக்கு. மூன்றாவது தடவை ஓடியபோது அடுப்படியில் இருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். விரல் மடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மடிந்து, அடுத்த கைக்குப் போய், திரும்பவும் முதல் கைக்கு வந்து, பதினொன்றில் நின்றது. தவ்ஃபீக்கின் உம்மா செய்யதம்மாள் அங்கேதான் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. செய்யதம்மாள் பேசினால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் ஊர் நடுங்கும்.

மர்ஜானா தங்கச்சியை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"எத்தனை மாசம்டி?"

"மூணு."

"மாப்ள போயிப் பதினோரு மாசம்."

"எனக்கும் கணக்குத் தெரியும் லாத்தா."

"தெரிஞ்சா சொல்லு!"

"நான் தப்பு எதுவும் பண்ணல. அம்புட்டுத்தான் சொல்லுவேன். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு? என்னன்னு?"

ருக்ஸானா முக்காட்டின் ஓரத்தால் வாயைத் துடைத்தாள். "ஒன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுதான் சத்தியமே."

அந்த அடி மர்ஜானாவுக்கு நெஞ்சில் விழுந்தது. ஊர் ஆயிரம் சொன்னபோதெல்லாம் சிரித்தவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. நாலு மாதமாகவே தங்கச்சி ஒரு மாதிரிதான் இருந்தாள். துணைக்குப் படுக்கப் போன மர்ஜானாவின் மகளை "பயமில்லை, இனிமே வேணாம்" என்று திருப்பி அனுப்பினாள். மாடிப்படிக் கதவில் எலித் தொல்லை என்று பூட்டுப் போட்டாள். அதற்கும் முந்தி, ஏர்வாடியிலிருந்து வந்த ஆட்டோவில் ஆறடி உயரத்துக்குப் பர்தா போட்ட ஒரு பொம்பளை அவள் வீட்டு வாசலில் இறங்கினாள் என்று தெருவில் ஒரு பேச்சு. கேட்டதற்கு, தர்காவில் பழக்கமான ஒரு அக்கா என்றாள். அக்கா காலில் பத்து நம்பர் செருப்பு என்று பக்கத்து வீட்டில் சொன்னதை மர்ஜானாவே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

யோசிக்க நேரமில்லை. அசர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்ததும் கொல்லையில் பாய் விரித்து ஐம்பது சஹனையும் வரிசையாக வைத்துவிட்டார்கள். பந்தல் இல்லை, திறந்த வெளி. ஆம்பிளை உள்ளே வரக்கூடாது என்பதால் சந்தியாகு பின்பக்கத்துச் சந்தில் மதிலுக்கு அந்தப் புறம் நின்றார். மூங்கில் மட்டும் மதிலுக்கு மேல் உயர்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இன்னும் தூக்குங்க!"

"ஒரு பாகம், ஆறடி, போதுமா?"

"வலது பக்கம் சாயுங்க! அய்யோ, ஒங்க வலது இல்ல, என் வலது!"

"ஒன் வலது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்மா! மதில்தான் நடுவுல இருக்கு!"

பெண்கள் சஹனை விட்டுவிட்டு மேலே பார்த்துக் கெக்கலித்தார்கள். "மேல பாக்காதீக, மூஞ்சி விழுந்துரும்! சோத்தைப் பாருங்க!" என்று மர்ஜானா கத்தினாள். அறுபது தடவை பட்டனை அமுக்கினாள். முப்பத்தெட்டாவது படம் அமைந்துவிட்டது. வட்டம் வட்டமாக ஐம்பது வெள்ளைத் தட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி நாலு முக்காடு, பச்சையும் ரோஜாவும் மஞ்சளுமாக. பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு படத்தை அவள் தன் வாழ்க்கையில் எடுத்ததில்லை. அந்தப் பெருமையில் ஓரத்தைப் பார்க்கவில்லை, மூலையைப் பார்க்கவில்லை. 'பொம்பளைங்க மட்டும்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குரூப்பில், மஃரிபு தொழுகைக்கு முன்னாலேயே படத்தைத் தட்டிவிட்டாள். அதற்கப்புறம் மணப்பெண் அலங்காரம், மருதாணிக் கை என்று வேலை. வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

விடிந்து பார்த்தால் நூற்று நாற்பது மெசேஜ்.

யாரோ ஒரு புண்ணியவதி படத்தின் இடது மூலையில் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ருக்ஸானா வீட்டு மொட்டைமாடி. பெண்கள் காற்று வாங்குவதற்காக ஆள் உயரத்துக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பிய மாடி அது, தெருவிலிருந்து எவனும் பார்க்க முடியாது. மேலே இருந்து பார்த்தால் தெரிகிறதே! கொடியில் ருக்ஸானாவின் நைட்டி. கொடிக்குப் பக்கத்தில் நீலக் கைலியும் பனியனுமாக ஒரு ஆள், கழுத்தை நீட்டிப் பிரியாணி வாசனை வரும் திசையில் நின்றுகொண்டு. அந்தப் படத்தில் இருநூறு தலை மூடிய தலை. மூடாத தலை அது ஒன்றுதான்.

வட்டத்துக்குக் கீழே செய்யதம்மாளின் வாய்ஸ் மெசேஜ்: "என் மருமவ மாடியில நிக்கிற ஆம்பிளை யாரு? எவளாச்சும் சொல்லுங்க. இல்லாட்டி நான் ஜமாத்துல கேட்டுக்கிறேன்."

மர்ஜானா உடனே படத்தை அழித்தாள். அழித்து என்ன, ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கச்சிக்குத் தானே குழி தோண்டி, அளவு எடுத்து, படமும் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு நிமிஷம், அல்லா மன்னிக்கட்டும், அவளும் நம்பினாள். ருக்ஸானா யாரையோ என்று நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

குரூப்பில் போனது சப்பிப்போன படம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்படித்தான் ஆகும், பெரிதாக்கினால் தலை கறுப்புப் புள்ளியாகக் கலங்கிவிடும். போனில் இருந்த அசல் படத்தை எடுத்து அந்த மூலையை இரண்டு விரலால் விரித்தாள். விரித்தாள், இன்னும் விரித்தாள். தலைமுடி தெளிவாகத் தெரிந்தது. உச்சியில் இடது பக்கம் ஒரு சுழி. வலது பக்கம் ஒரு சுழி.

அந்த ரெட்டைச் சுழியை அவளுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முந்தி சம்பந்தம் பேச வந்தபோது, ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டி என்று எந்தக் கிழவியோ கிளப்பிவிட, மாப்பிள்ளையின் தொப்பியைக் கழற்றச் சொல்லிக் குனிய வைத்துப் பார்த்ததே அவள்தான்.

"தவ்ஃபீக்கு!" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆறடி அக்கா, பத்து நம்பர் செருப்பு, எலித் தொல்லை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருந்தின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஆறடிப் பூசணிக்காயை நாலு மாதமாக மாடியில் மறைத்திருக்கிறாள் தங்கச்சி! சிரிப்பு வந்தது, கூடவே அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. பொண்டாட்டி பெயர் சந்தி சிரிக்கிறது, இவன் மாடியில் நின்று பிரியாணியை மோந்துகொண்டிருக்கிறான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது செய்யதம்மாள் இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ருக்ஸானா வீட்டுக் கூடத்தில் நின்றிருந்தாள். மாடிப்படிக் கதவு படிப் பக்கத்திலிருந்து தாழ்ப்பாள். ருக்ஸானா கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள், முகம் வெளிறி.

"தொறக்கச் சொல்லு அவனை. இல்லன்னா ஜமாத்து ஆளு வந்து ஒடைக்கும். ஆறு வருசம் என் மவன் புள்ள இல்லாம கெடந்தான். இப்ப எவன் புள்ளைக்கு அவன் பேரு?"

ருக்ஸானா வாயைத் திறக்கவில்லை. மாடியிலும் சத்தமில்லை. அந்த வாய்கள் பேசுவதெல்லாம் மேலே கேட்கும், ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் அவன் இறங்கவில்லை.

"மாமி," என்றாள் மர்ஜானா. "மேல இருக்கிறது ஒங்க மவன்."

செய்யதம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். "என் மவன் தம்மாம்ல இருக்கான். போன வெள்ளிக்கெழமை என்கிட்ட வீடியோல பேசினான். தங்கச்சிக்கு முட்டுக் குடுக்குறதுக்கு ஒரு அளவு வேணும்டி."

"படத்தைப் பாருங்க மாமி. ரெட்டைச் சுழி."

"ஒன் படத்தையா? கறுத்த பொண்ணை எல்லாம் செவப்பாக்குறவ நீ. மாஷிதா மூக்கைப் பாதியாக் கொறச்சவ. ஒரு சுழியை ரெண்டாக்க ஒனக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

மர்ஜானா தொழிலில் செய்த பாவம் இப்படித் திரும்பி வரும் என்று யார் கண்டது? ஒருத்தர் பல்லுக்குக்கூட வெள்ளை அடித்துக் கொடுத்திருக்கிறாள். ருக்ஸானா தலையைத் தூக்கி அக்காளைப் பார்த்தாள். அந்தப் பார்வை சொல்லாதே என்றதா, சொல்லு என்றதா, மர்ஜானாவுக்குப் புரியவில்லை. புரிந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள்.

வெளியே சந்தில் சந்தியாகுவின் குரல் கேட்டது. மதிலில் சாத்தி வைத்த மூங்கிலை எடுத்துப் போக வந்திருந்தார்.

மர்ஜானா ஓடினாள். "அண்ணே! எடுத்துட்டுப் போகாதீக! ஒரு தடவை ஏத்தணும்!"

"கல்யாணம்தான் முடிஞ்சுருச்சே தங்கச்சி?"

"இனிமேத்தான் ஆரம்பம்."

கொக்கியும் ஹோல்டரும் ஈயக் குண்டும் அவள் பையிலேயே இருந்தன. போனை எடுத்து, 'பொம்பளைங்க மட்டும்' குரூப்புக்கே வீடியோ கால் போட்டாள். செய்யதம்மாளுக்கு மட்டும் போட்டிருக்கலாம். வேண்டுமென்றேதான் போடவில்லை. குரூப்பில் போன மானம் குரூப்பிலேயே திரும்ப வரட்டும்! ஒரு வீடியோ காலில் முப்பத்திரண்டு பேர்தான் ஏற முடியும். அரை நிமிஷத்தில் முப்பத்தோரு பேர் ஏறிக்கொண்டார்கள், அவ்வளவு பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள் போல. செய்யதம்மாள் கையில் இருந்த போனும் அடித்தது. பழக்கதோஷத்தில் அவளும் எடுத்து, அந்த முப்பத்தோரு பேரில் ஒருத்தியாகிவிட்டாள்.

"பாத்துக்கிட்டே இருங்க மாமி. இது எடிட்டு இல்ல, லைவு" என்றாள் மர்ஜானா, சந்திலிருந்து போனில்.

மூங்கில் எழுந்தது. செய்யதம்மாளின் போனில் சந்து கீழே போனது. சந்தியாகுவின் வழுக்கை பளபளத்துச் சின்னதானது. மதில் வந்தது, முருங்கைக் கொம்பு வந்தது.

"இன்னும் ஒரு பாகம் அண்ணே!"

கைப்பிடிச்சுவர் தாண்டியது. மொட்டைமாடி. நைட்டி. கறுப்புத் தண்ணீர் டேங்க். டேங்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு, முட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள். பக்கத்தில் டீ கிளாஸ். தலை குனிந்திருந்தது. ரெண்டு சுழி.

அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்து, தண்ணீர் ஊற்றி, பேன் பார்த்து வளர்த்தவள் செய்யதம்மாள். அவளுக்கு முகம் தேவைப்படவில்லை.

"ஏலே தவ்ஃபீக்கு!"

அவள் கூடத்தில் கத்தியது ஆகாயத்தில் தொங்கிய போனில் போய் வெடித்தது. தவ்ஃபீக் நிமிர்ந்து பார்த்தான். முகம் முழுசாகத் திரையில் விழுந்தது, நாலு நாள் தாடியோடு.

"உம்மா" என்றான் மூங்கிலைப் பார்த்து.

"நீ தம்மாம்லல்லடா இருக்க?"

"இருந்தேன் உம்மா."

"எப்படா வந்த?"

"நூத்திப் பத்து நாளாச்சு."

"அப்ப வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை என்கிட்ட பேசுனது?"

"சாமான் ரூம்ல இருந்து உம்மா. பின்னால கம்பெனிக் காலண்டரை மாட்டிக்கிட்டு."

"காக்கா கத்துதேன்னு கேட்டேனேடா! அரபு நாட்டுலயும் காக்கா உண்டுன்னு சொன்னியே!"

"நம்ம ஊரு காக்காதான் உம்மா."

முப்பத்தோரு வாயும் ஒரே நேரத்தில் பேசியதில் ஒன்றும் கேட்கவில்லை. "எல்லாரும் மியூட்டுல போடுங்கடி!" என்று மர்ஜானா கூடத்துக்குள் ஓடிவந்து கத்தியபிறகுதான் அவன் குரல் கேட்டது. கம்பெனியை மூடிவிட்டார்கள். உடுத்திய துணியோடு பிளைட்டில் ஏற்றிவிட்டார்கள். ஏர்வாடியில் இறங்கி, ருக்ஸானாவை வரச்சொல்லி, அவள் பர்தாவைப் போட்டுக்கொண்டு வந்தான். இன்னொரு விசா கிடைத்ததும் சத்தமில்லாமல் போய்விட்டு, முறையாகத் திரும்பி வரலாம் என்று நினைத்தான்.

"வெறுங்கையோட எப்படி உம்மா எறங்குறது? இந்தத் தடவை தெருவுல ஒரு வீடு விடாம சோப்பும் சென்டும் தைலமும் வருதுன்னு நீங்க சொல்லி வச்சிருந்தீங்க. பெட்டி இல்லாத சபராளியை எவன் மதிப்பான்?"

செய்யதம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லித்தான் வைத்திருந்தாள். வெளிநாட்டுக்குச் சபர் போன மகன் வருகிறான், உனக்கு இது, உனக்கு அது என்று வீட்டுக்கு வீடு பெயர் சொல்லி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் மருமகளின் வயிற்றையே பார்த்தாள். பிறகு மூக்கைச் சீந்தி முந்தானையில் துடைத்துவிட்டு, போனை வாய்க்கு நேரே பிடித்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க வீட்டுச் சபராளி வந்துட்டான். இந்தத் தடவை சோப்பு இல்ல, சென்டு இல்ல. புள்ளையைக் கொண்டாந்திருக்கான். அதுல யாருக்கும் பங்கு கெடையாது."

மாஷா அல்லா என்று யாரோ ஒருத்தி மியூட்டை எடுத்துவிட்டு அழுதாள். மர்ஜானாவும்தான் அழுதாள். கிழவி அப்படிப் பேசுவாள் என்று அவள் நினைக்கவில்லை.

மாடிப்படிக் கதவில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. தவ்ஃபீக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்ப மேலேயே போய்விட்டான், கீழே வர முகமில்லாமல். செய்யதம்மாள் எழப் போனாள். அதற்குள் ருக்ஸானா எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.

எல்லாரும் செய்யதம்மாள் கையில் இருந்த போனைப் பார்த்தார்கள். மேலே இருந்து பார்க்க, ரெட்டைச் சுழிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை முக்காடு வந்து நின்றது. 

"நூத்திப் பத்து நாளு ஒங்க மானத்தை நான் காப்பாத்துனேன்" என்றது ருக்ஸானாவின் குரல், நடுங்காமல். "லாத்தாகிட்டகூடச் சொல்லல. இன்னைக்கு என்னை அந்தப் பேச்சுப் பேசினாக. ஒங்களுக்குக் கேட்டுச்சு. நீங்க டேங்குக்குப் பின்னால போயி உக்காந்தீங்க. என் மானத்தைக் காப்பாத்த ஒரு மூங்கிதான் வந்துச்சு."

ரெட்டைச் சுழி இன்னும் கீழே குனிந்தது.  மர்ஜானாவுக்குத் தங்கச்சியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

சந்தில் இருந்து சந்தியாகு கூப்பிட்டார். "தங்கச்சி! கை கடுக்குது! எறக்கவா?"

மர்ஜானா பதில் சொல்வதற்குள், போனில் பச்சை முக்காடு விலகி ருக்ஸானாவின் முகம் மேலே நிமிர்ந்தது. முப்பதடி மூங்கிலில் தொங்கிய போனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எறக்காதீக அண்ணே. இவுக இன்னும் ஒண்ணும் சொல்லல."

சந்தியாகு மூங்கிலை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். முப்பத்தோரு பேரில் ஒருத்திகூட வீடியோ காலைக் கட் பண்ணவில்லை.